மூன்றாம் நம்பர் விரிப்பு

வாய்க்கால்கரைத் தெரு,
பாபநாசம் வழி.
19.8.2024

அன்புள்ள அத்தைக்கு,

இசைவாணி எழுதுவது. நானும் அப்பாவும் செம்மொழியும் சுகம். நீங்களும் புகழேந்தி மாமாவும் சுகமா?

போனில் எவ்வளவு கேட்டாலும் என் வாயிலிருந்து "ம்" தவிர ஒன்றும் வருவதில்லை என்று திட்டினீர்களே, அதற்காகத்தான் இந்தக் கடிதம். போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கும் அத்தைக்கு ஒரு கடிதம் எழுதாத மருமகளா என்று கேட்டு நீங்கள் கொடுத்துவிட்ட இன்லேண்ட் கட்டில் இதுதான் முதல் தாள். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து. பிழை இருந்தால் சிரிக்காதீர்கள். மாமாவிடம் காட்டாதீர்கள்.

லியாகத் அலி பாய் கடைப் படக்காகிதம் வந்தது. குழந்தையின் அறைக்குத் தரையில் போட ஒரு விரிப்பு வேண்டும், நாலில் ஒன்றை நீதான் சொல்லவேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். குழந்தை என்று படித்ததும் எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேறு எதுவும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உங்கள் வீட்டில் ஒரு குழந்தைக்கு அறை என்றால் அதைவிட எனக்கு என்ன வேண்டும்?

ஒன்றாம் நம்பர் வேண்டாம். முடி முடியாக நிற்கிறது, தூசி அடையும். செம்மொழிக்கு வைக்கோல் தூசி பட்டாலே இழுப்பு வருகிறது. நம் வீட்டு உடம்பு அப்படி. இரண்டாம் நம்பர் வெள்ளை. துவைத்தே உங்கள் கை போய்விடும். நாலாவதில் ரோடும் காருமாக வரைந்திருக்கிறது. அதில் படுத்தால் நடுரோட்டில் படுத்த மாதிரி இருக்கும். மூன்றாம் நம்பர்தான் நல்லது. காயவைத்த நெல்லின் நிறம். ஓரத்தில் ஒரு கோழி, ஐந்து குஞ்சு. செம்மொழியிடம் காட்டினேன். கோழி மேல் விரலை வைத்து, "அக்கா, கோழி நெல்லத் திங்குது, வெரட்டு" என்றாள். நாலரை வயசுக்கு என்ன வாய் பாருங்கள். எனக்கு வரவேண்டிய பேச்சையும் அவளே பேசித் தீர்க்கிறாள்.

போர் தண்ணீரில் முன்கூட்டியே நட்டதால் எங்களுக்கு அடுத்த வாரமே குறுவை அறுப்பு. தாளில் இடம் முடிந்துவிட்டது.

உங்கள் பிரியமுள்ள,
வாணி


தஞ்சாவூர்,
29.8.2024

என் தங்கம் வாணிக்கு,

அத்தை எழுதுகிறேன். உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். மாமாவிடமும் காட்டினேன், கோபித்துக்கொள்ளாதே. "இந்தப் பிள்ளையா பேசாது?" என்று கேட்கிறார்.

மூன்றாம் நம்பரையே வாங்கியாகிவிட்டது. லியாகத் அலி பாய் அதை விரித்துக் காட்டியபோது, "குழந்தைக்கு என்ன வயசும்மா?" என்றார். "நாலரை" என்றேன். இந்த வயசில் ஒரு கடைக்காரர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

செம்மொழியின் அறை தயாராகிவிட்டது. ஜன்னல் பக்கம் கட்டில், நடுவில் உன் விரிப்பு. விஜயதசமி அன்று எங்கள் தெருமுனைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறோம். பிறப்புச் சான்றிதழும் ஆதாரும் எடுத்து வை. துணி நாலு போதும், இங்கே தைத்துக்கொள்ளலாம்.

அண்ணன் போன மாதமே சம்மதம் சொல்லிவிட்டார். பெரியவளும் சரி என்றுவிட்டாள் என்றார். ஆனாலும் நீ வளர்த்த பிள்ளை, உன் மனசு எனக்குத் தெரியவேண்டும். போனில் கேட்டால் "ம்" என்பாய், அந்த "ம்" எந்த "ம்" என்று யார் கண்டது? அதனால்தான் விரிப்பை உன்னையே தேர்ந்து தரச் சொன்னேன். தூசி, இழுப்பு என்று நீ பார்த்துப் பார்த்து எழுதியிருப்பதைப் படித்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. உனக்கு நான் என்ன செய்து தீர்ப்பேன்?

உன் அத்தை,
தமிழரசி


வாய்க்கால்கரைத் தெரு,
4.9.2024

அத்தை,

உங்கள் கடிதத்தை ரோட்டில் வைத்துப் படித்தேன். நெல்லைக் காயப் போட்டிருந்தோம். தபால்காரர் சைக்கிளில் இருந்தபடியே கொடுத்துவிட்டுப் போனார். "நாலரை" என்ற இடத்தில் நின்றுவிட்டேன். யாருக்கு நாலரை வயசு என்று யோசித்தேன். நிஜமாகவே யோசித்தேன், அத்தை. அவள் என் எதிரில் குச்சியை வைத்துக்கொண்டு கோழி விரட்டிக்கொண்டிருக்கிறாள், நான் யாருக்கு நாலரை என்று யோசிக்கிறேன்.

உங்களுக்குத்தான் குழந்தை பிறக்கப்போகிறது, இல்லாவிட்டால் எங்கிருந்தோ தத்து எடுக்கப்போகிறீர்கள் என்று நினைத்துவிட்டேன். கேட்கக் கூச்சப்பட்டேன். கேட்டிருக்கவேண்டும்.

அப்பா மண்வெட்டியோடு வந்தார். கடிதத்தை நீட்டினேன். படித்துவிட்டு மடித்து என் கையிலேயே கொடுத்தார்.

"அத்தை வீட்டுக்குத்தானே போவுது. அசலூருக்கா போவுது?"

நான் கடிதத்தை இன்னும் சின்னதாக மடித்தேன்.

"தையில உனக்குப் பதினெட்டு முடியுது. குத்தாலத்துல ஒரு எடம் சொல்லி வச்சிருக்கேன். நீ போனப்புறம் இத யாரு பாப்பா? நான் வயலுக்குப் போவேனா, இதுக்குத் தல பின்னுவேனா?"

பக்கத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த ராசம்மாள் பெரியம்மா, "ஏன் வைரக்கண்ணு, பொண்ணுகிட்ட ஒரு வார்த்த கேட்டியா?" என்றார்.

"கேட்டா மட்டும் பேசிடுமா?" என்றார் அப்பா.

குத்தாலத்தைப் பற்றியும் அன்றுதான் எனக்குத் தெரியும். ஆனால் அது காதில் விழுந்ததே தவிர உள்ளே போகவில்லை. எவ்வளவு நேரம் அப்படியே நின்றேன் என்று தெரியாது. வெயில் தலைக்கு மேல் வந்துவிட்டது, நெல்லைக் கிளறவேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. செம்மொழி ஓரத்தில் நின்றுகொண்டு, "அக்கா கிண்டு, அக்கா கிண்டு" என்று கத்துகிறாள். அவள் நெல்லில் கால் வைக்கமாட்டாள். நடந்து நடந்து சிதறடித்துவிடுவாள் என்று, "நான் காஞ்சிருச்சு, அள்ளலாம்னு சொல்ற வரைக்கும் உள்ள வரக்கூடாது" என்று ஒரு சட்டம் போட்டிருக்கிறேன். அள்ளும்போதுதான் குதிக்கலாம்.

நான் சம்மதம் சொல்லவில்லை, அத்தை. விரிப்புக்குச் சொன்னேன். அவள் போவதற்கு என் கையாலேயே விரித்துக் கொடுத்திருக்கிறேன் என்பதை நினைத்தால் எனக்கு மனசு ஆறவில்லை. எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னித்துக்கொள்ளுங்கள்.

வாணி


தஞ்சாவூர்,
11.9.2024

வாணிக்கு,

உன் கடிதத்தைக் கவுன்டரில் வைத்தே பிரித்துவிட்டேன். ஸ்பீடு போஸ்ட் அனுப்ப வந்தவர் "மேடம், மேடம்" என்று எத்தனை தடவை கூப்பிட்டாரோ. எனக்குக் கேட்கவில்லை. உனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தைகூடவா சொல்லவில்லை? அண்ணனைப் போனில் பிடித்தேன். "அதுதான் கார்ப்பெட்டெல்லாம் பாத்துக் குடுத்துச்சே" என்கிறார். போனை வைத்துவிட்டேன்.

அண்ணன் செய்தது தப்பு. ஆனால் உன்னிடம் நான் பொய் எழுதமாட்டேன். நீ கேட்டதும், சரி, வேண்டாம் என்று எழுதிவிட என்னால் முடியவில்லை.

செம்மொழி பிறந்த பதினாறாம் நாள். உன் அம்மா போய் நாலு நாள். உனக்கும் செம்மொழிக்கும் நடுவில் இரண்டு ஆண்பிள்ளைகள் தங்காத வீடு. "இதையாவது தவிட்டுக்கு வித்துடுங்க, வேற வீட்டுப் புள்ளன்னு எமன் தாண்டிப் போவட்டும்" என்று ராசம்மாள் சொன்னார். கொல்லை வாசலில் நான் முறத்தில் ஒரு படி தவிட்டை நீட்டினேன். அண்ணன் அதை வாங்கிக்கொண்டு பிள்ளையை என் மடியில் போட்டார். சடங்கு முடிந்தது என்று எல்லோரும் கை கழுவினீர்கள். அந்தத் தவிட்டை அன்று சாயங்காலமே மாட்டுக்குக் கரைத்து வைத்தார்கள். "நீயே வளர்த்துக் கொடு" என்று பிள்ளையை உன் கையில் கொடுத்துவிட்டு நான் பஸ் ஏறினேன்.

நான் கை கழுவவில்லை, வாணி. நீங்கள் விற்ற மாதிரி நடித்தீர்கள். நான் வாங்கினேன்.

பிள்ளை தேறினால் தவிட்டைத் திருப்பிக் கொடுத்து மீட்டுக்கொள்வது வழக்கம். ஒவ்வொரு வருஷமும் பங்குனி வந்தால் எனக்குப் பயம். யாராவது படியோடு வந்து நிற்பார்களோ என்று. நாலு வருஷமாக யாரும் வரவில்லை. உங்களுக்கு அது ஞாபகம்கூட இல்லை. அப்படியென்றால் அந்தப் பிள்ளை யாருடையது, நீயே சொல்.

ஒரு பத்து நாள் அனுப்பிப் பார். அவள் அந்த விரிப்பில் உருண்டு விளையாடுவதை ஒரு தடவை பார்த்துவிடுகிறேன். பிறகு பேசலாம்.

அத்தை


வாய்க்கால்கரைத் தெரு,
22.9.2024

அன்புள்ள அத்தைக்கு,

போன கடிதத்தில் அன்புள்ள என்று போட மறந்துவிட்டேன். அதற்கும் சேர்த்து இங்கே.

தெருவில் அவளைத் தவிட்டுக்குட்டி என்று கூப்பிடுவார்கள். நானும் சிரிப்பேன். அந்தச் சடங்குக்கு இப்படி ஓர் அர்த்தம் இருக்கிறது என்றோ, தஞ்சாவூரில் ஒருவர் பங்குனிக்குப் பங்குனி பயந்துகொண்டிருக்கிறார் என்றோ எனக்குத் தெரியாது. கடிதத்தைப் படித்தபோது யாரோ பிடரியில் அடித்த மாதிரி இருந்தது. கோபமாக ஒன்று எழுதலாம் என்று உட்கார்ந்தேன். வரவில்லை.

புதன்கிழமை அப்பா கூட்டிக்கொண்டு வருகிறார். நான் வரவில்லை. போன வருஷம் அய்யம்பேட்டையில் இறங்கவேண்டியவள், நிறுத்தச் சொல்ல வாய் வராமல் தஞ்சாவூர் வரை வந்து உங்கள் முன்னால் நின்றேனே, ஞாபகம் இருக்கிறதா? நீங்கள் சிரித்துச் சிரித்து அழுதீர்கள்.

தலையில் ஈர் இல்லை, பார்த்துவிட்டேன். முருங்கைக்கீரை என்றால் துப்புவாள், தோசையில் போட்டால் தெரியாமல் தின்பாள். இழுப்பு வந்தால் பயப்படாதீர்கள், நிமிர்த்தி உட்காரவைத்து முதுகைத் தடவினால் கொஞ்சம் அடங்கும். மருந்து பையில் சைடு ஜிப்பில் இருக்கிறது. தூங்குவதற்கு அவளுக்கு ஒரு காது வேண்டும். மடலைப் பிடித்துக்கொண்டால்தான் கண் மூடுவாள். கம்மலைக் கழற்றிவிட்டுக் காதைக் கொடுங்கள். சிவப்புப் பாவாடை கிழிந்திருக்கிறது, அதைத்தான் கேட்பாள்.

வேறு ஒன்றும் இல்லை.

வாணி


தஞ்சாவூர்,
5.10.2024

வாணிக்கு,

பத்து நாள் முடிந்துவிட்டது. எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன்.

வந்த அன்று அறை வாசலில் நின்றாள். "உள்ளே போம்மா, உனக்குத்தான்" என்றேன். போனாள். எப்படித் தெரியுமா? சுவரோடு ஒட்டிக்கொண்டு, பல்லி மாதிரி, விரிப்பில் விரல் நுனிகூடப் படாமல் கட்டிலுக்குப் போய்ச் சேர்ந்தாள். புது இடம், கூச்சம் என்று நினைத்தேன். மறுநாள் குச்சி கேட்டாள். மாமா விளையாட்டுக்குக் குடையைக் கொடுத்தார். அதை வாங்கிக்கொண்டு விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்தவள்தான். அந்தக் கோழியையும் குஞ்சுகளையும் "ச்சூ, ச்சூ" என்று தட்டிக்கொண்டே இருக்கிறாள். "நம்ம வீட்டுக்கு வாட்ச்மேன் வந்தாச்சு" என்று மாமா சிரித்தார். நானும் சிரித்தேன்.

மூன்றாம் நாள், விளையாட்டுக்காக அவளைத் தூக்கி விரிப்பின் நடுவில் நிறுத்தினேன். வாணி, நெருப்பில் நிறுத்தியது மாதிரி அலறினாள். "அக்கா திட்டும், அக்கா திட்டும்" என்று என் புடவையைப் பிடித்து ஏறிவிட்டாள்.

முந்தாநாள் மத்தியானம் வானம் இருட்டியது. நான் சமையலறையில் இருந்தேன். இழுக்கிற சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தனியாளாக விரிப்பைச் சுருட்டி மூலைக்குத் தள்ளி, அதன்மேல் தன் சிவப்புப் பாவாடையைப் போர்த்தியிருக்கிறாள். நனையக்கூடாதாம். மூச்சு இழுக்கிறது, முதுகைத் தடவினேன்.

"இது நெல்லு இல்லம்மா, கார்ப்பெட்" என்றேன்.

"தெரியும்" என்றாள். "ஆனா அக்கா இன்னும் சொல்லலயே."

என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா எப்ப அள்ள வரும்?" என்றும் கேட்டாள். நான் வாங்கிய பிள்ளை என் வீட்டில் உட்கார்ந்து உன் நெல்லுக்குக் காவல் இருக்கிறாள்.

விஜயதசமி பன்னிரண்டாம் தேதி. பள்ளிக்கூடத்தில் இடம் சொல்லி வைத்திருக்கிறேன். நாள் போனால் பழகிவிடுவாள் என்கிறார் மாமா. பழகத்தான் செய்வாள். நீ என்ன சொல்கிறாய்? இந்தத் தடவை "ம்" என்று எழுதாதே.

அத்தை


வாய்க்கால்கரைத் தெரு,
8.10.2024

அன்புள்ள அத்தைக்கு,

இந்தத் தடவை "ம்" இல்லை.

உங்கள் கடிதம் காலையில் வந்தது. படித்துவிட்டு ராசம்மாள் பெரியம்மாவிடம் போய், தவிட்டை யார் திருப்பிக் கொடுக்கவேண்டும் என்று கேட்டேன். "பெத்தவதான் குடுக்கணும்" என்றார். "அவங்க இல்லையே" என்றேன். "அப்ப வளத்தவ குடு, எவன் கேக்கப்போறான்?" என்றார். குறுவை நெல் அரைத்த தவிடு வீட்டில் இருக்கிறது. சலித்து வைத்துவிட்டேன்.

மத்தியானம் அப்பாவிடம், "குத்தாலம் இப்ப வேணாம்பா" என்றேன். சோற்றில் இருந்து கையை எடுத்துவிட்டு, "என்ன சொன்ன?" என்றார். காதில் விழாததால் கேட்ட கேள்வி இல்லை அது. மறுபடி சொன்னேன். இரண்டாம் தடவை சொல்வது அவ்வளவு கஷ்டமாக இல்லை. "ஜூன்ல செம்மொழிய பாபநாசத்துல சேக்கணும், நான்தான் கொண்டுபோய் விடணும்" என்றும் சொல்லிவிட்டேன். அப்பா நான் வேறு யாரோ மாதிரி பார்த்தார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று எனக்கே திக்கென்றது.

ஆயுத பூஜைக்கு உங்களுக்கு லீவு. அன்று காலை பஸ்ஸில் நான் வருகிறேன். தனியாகத்தான். உங்களிடமிருந்து பறிக்கத்தான் வருகிறேன். நீங்கள் நாலு வருஷம் பயந்தது இதற்குத்தானே, அது நானாகவா இருக்கவேண்டும்? ஆனால் அவள் காவல் இருக்கிறாள், அத்தை. நான் சொன்னால்தான் எழுந்திருப்பாள். நான் போகாவிட்டால் அவள் அந்த ஓரத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

நான் தவிட்டை நீட்டுவேன். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நீங்கள் கையை நீட்டாவிட்டால் திரும்பி வந்துவிடுவேன். விற்றது விற்றதுதான். உங்களிடம் சண்டை போட என்னால் முடியாது.

உங்கள் மருமகள்,
இசைவாணி


தஞ்சாவூர்,
14.10.2024

என் வாணிக்கு,

நீ வந்துபோய் மூன்று நாள் ஆகிறது. அன்று நான் உன்னிடம் பேசவே இல்லை. உன் வியாதி எனக்குத் தொற்றிவிட்டது என்று மாமா சொல்கிறார். அதனால் எழுதுகிறேன்.

கதவைத் திறந்தால் நீ. கையில் முறம், மஞ்சள் துணி மூடிய தவிடு. அத்தனை கூட்டத்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு எப்படி வந்தாய்? கண்டக்டர் கேட்டிருப்பாரே, என்ன சொன்னாய்? இதெல்லாம் கேட்கவேண்டும் என்று இப்போதுதான் தோன்றுகிறது.

நான் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். நீ கவனித்திருப்பாய். வாங்கக்கூடாது என்று காலையிலேயே முடிவு செய்துவிட்டுத்தான் தாழ்ப்பாளை எடுத்தேன். நீ முறத்தைக் கீழே வைத்துவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றினாய். கழற்றிக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், வீட்டுக்குள் பார்த்து, "மொழி, காஞ்சிருச்சுடி, அள்ளலாம்" என்றாய்.

நீ பார்க்கவில்லை. உன் செருப்பு வாரைத்தான் நீ பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பார்த்தேன், வாணி. பதினாறு நாள் தானாக ஒரு கால்கூட வைக்காத பிள்ளை குடையைப் போட்டுவிட்டு எழுந்தாள். ஓரமாகச் சுற்றி வரவில்லை. நெல்லின் நடுவில், கோழி மேல், குஞ்சுகள் மேல் இரண்டு காலையும் வைத்துக் குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். நான் வாங்கிப் போட்ட விரிப்பில் அவள் நடந்தது அந்த ஒரே தடவைதான். என்னைத் தாண்டி உன்னிடம் வர நடந்தாள்.

அதன்பிறகு நீ முறத்தை எடுத்து நீட்டியபோது என் கை எப்போது முன்னால் வந்தது என்று எனக்குத் தெரியாது. இன்னும் நம்பமுடியவில்லை. இரண்டு கையாலும் வாங்கிவிட்டேன்.

நீங்கள் போனபிறகு அளந்து பார்த்தேன். ஒரு படிக்கு மேலேயே கொண்டுவந்திருக்கிறாய். அதில் ஒரே ஒரு பிடியை எடுத்து இந்தக் கவருக்குள் பொட்டலமாக வைத்திருக்கிறேன். அந்த ஒரு பிடியை மட்டும் என்னால் வாங்க முடியவில்லை. அதற்கு உண்டான அளவுக்கு அவள் என் பிள்ளையாக இருந்துவிட்டுப் போகட்டும். மாட்டுக்குக் கரைத்துவிடாதே. பத்திரமாக எடுத்து வை.

மூன்று நாளாகக் கம்மல் போட மனசில்லை. விரிப்பையும் சுருட்டவில்லை. கோழியும் ஐந்து குஞ்சும் ஓரத்தில் அப்படியேதான் நிற்கின்றன. விரட்ட ஆளில்லை.

உன் அத்தை,
தமிழரசி